திங்கட்கிழமை சிறுத்த புண்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தவன், சங்கு குளிக்கிற சூசை. அவன் கால்மாட்டில், முந்தானையை வாயில் வைத்து அழுகையை அடக்கிக்கொண்டு நின்றவள் அவன் பெண்டாட்டி புஷ்பம். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றவர், அவன் வேலை பார்க்கும் படகின் முதலாளி மிக்கேல் அண்ணாச்சி. விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு டாக்டர். டாக்டருக்குப் பின்னால், பஞ்சுத் தட்டும் நோயாளி அட்டையுமாக நான்.

இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதை சூசை இருக்கும் திரேஸ்புரம் முழுக்கப் பரவி, தானும் அங்கே நின்றதாகச் சொல்கிறவர்கள் இப்போது இருபது பேராவது இருப்பார்கள். அந்த அறையில் இருபது பேர் நிற்க முடியாது. கூட்டிப் பெருக்கியவள் நான், எனக்குத் தெரியும்.

என் பெயர் முத்துக்கனி. சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு ஊர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பத்தொன்பது வயதில், துறைமுகம் போகும் சாலையில் இருந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தேன். முப்பத்தோரு வருஷம் கழித்து, டாக்டருக்குக் கைக்கு உதவியாக நிற்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இப்போது அந்த ஆஸ்பத்திரியை டாக்டரின் மகள் நடத்துகிறார். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜெனிபர் போன மாதம் வீட்டுக்கு வந்தது. மருந்துக் கடைகளில் இப்போது வாய்ப்புண் என்று வாயைத் திறந்தாலே ஸ்டீராய்டு பேஸ்ட் ட்யூபை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்களாம். வாங்கிப் போய் மாதக்கணக்கில் பூசிவிட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டது. சொன்னேன். சொன்னதை எழுதித் தாருங்கள் என்றது. எழுதுகிறேன். தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

எனக்கு எதிலும் பயம். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து நான்காவது தடவை இழுத்ததும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வருஷம் எனக்குக் கிருமி பயம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணாடியிலும் இடுக்கியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உதட்டை விலக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையம் ஒன்று உண்டு. அதைக் கழுவ ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லியிருந்தார்கள். நான் நாலு ஸ்பூன் போட்டேன். அரை மணி நேரம் ஊறவேண்டியதை ஒரு நாள் பூராவும் ஊறவிட்டேன். கழுவினால் குழாய்த் தண்ணீரிலிருந்து புதுக் கிருமி ஏறிவிடுமே என்று, கழுவாமலே துடைத்து வைத்தேன். மறுநாள் அதை உதட்டில் மாட்டிக்கொண்ட ஆசிரியை ஒருவருக்கு உள் உதடு வெள்ளையாக வெந்து, தோல் உரிந்துவிட்டது.

டாக்டர் நாசரேத்துக்காரர். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அவர் கோபப்பட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அன்று நெடுநேரம் துடைத்தார். பிறகு அந்த வளையத்தை மோந்து பார்த்து, என்னிடம் நீட்டி, மோந்து பார் என்றார். மூக்கில் ஏறியது. நீச்சல் குளத்தைத் துணியில் முடிந்து வைத்தது போல ஒரு வாடை.

"கிருமிக்குப் பயந்தது சரி கனி. வாய்க்குப் பயப்படல" என்றார்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. அதற்குப் பதில், அந்த ஆசிரியைக்கு ஒரு வாரம் தினமும் நானே மருந்து வைக்கவேண்டும் என்று ஒரு சின்ன ட்யூபைக் கையில் கொடுத்தார். ஸ்டீராய்டு கலந்த வாய்ப் பேஸ்ட். அதை வைக்கும் விதத்தை அன்று அவர் காட்டியபடிதான் கடைசி நாள் வரைக்கும் செய்தேன்.

முதலில் நோயாளி வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவேண்டும். பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சுச் சுருள் வைத்து, புண்ணை அழுத்தாமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்கவேண்டும். எச்சில் ஊறும் வாயில் மருந்து ஒட்டாது. ஈரம் போன பிறகு புது பஞ்சுக் குச்சியில் உளுந்து அளவுக்குப் பேஸ்டை எடுத்து, புண்மேல் தொட்டு வைக்கவேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மணல் மாதிரி பொடிந்து உதிர்ந்துவிடும். தொட்டு வைத்தால் சற்று நேரத்தில் வழுவழுப்பாக ஒரு ஏடு படியும். அந்த ஏடு தான் மருந்து, அது தான் கட்டு. சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும் முன்பும். அரை மணி நேரம் தண்ணீர் கிடையாது, பேச்சும் கூடாது. "ஒட்டு, தேய்க்காத" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிவிட்டு நோயாளி கையில் குச்சியைக் கொடுத்து, கண்ணாடி முன்னால் அவரையே ஒரு தடவை செய்யவைப்பார்.

எல்லாப் புண்ணுக்கும் தரமாட்டார். வாயில் வெள்ளை படிந்திருந்தால் முதலில் பஞ்சுத் துணியால் துடைத்துப் பார்ப்பார். தயிர் மாதிரி வழண்டு வந்தால் அது பூஞ்சைக்காளான், அதற்கு இந்த ட்யூப் கூடாது. காய்ச்சலோடு வரும் கொப்புளத்துக்கும் கூடாது. ஒரு வாரத்தில் குறையவில்லையென்றால் திரும்ப வந்து காட்டவேண்டும். "இது விருந்தாளி மருந்தும்மா. ஒரு வாரம் இருந்தா மரியாத. மாசக்கணக்கா தங்கவிட்டா வீட்டக் கெடுத்துரும்" என்பார். ஜெனிபர் கேட்டதற்கு அவர் சொன்ன இந்தப் பதிலைத்தான் நானும் சொன்னேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வாய் படம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து வைத்திருந்தார். புண் என்று யார் வந்தாலும் அட்டையில் அதைக் குத்தி, புண் இருக்கும் இடத்தில் வட்டம் போட்டு, கறுப்புக் கோடு போட்ட கம்பியால் அளந்து, அளவையும் தேதியையும் எழுதச் சொல்வார். தேதியோடு கிழமையையும் எழுதுவது என் பழக்கம். தேதியைத் தப்பாகப் போட்டால் கிழமையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பயம்தான். கிழமை எதற்கு, இடம் தான் வீண் என்று டாக்டரே சிரித்திருக்கிறார்.

சூசை வந்தது கொரோனா ஓய்ந்த மறுவருஷம், சங்கு எடுக்கும் காலம். ஒரு வெள்ளிக்கிழமை. கீழ் உதட்டின் உள்பக்கமும் மேல் உதட்டின் உள்பக்கமும் முன் ஈறும் வெந்து, ஓரம் வெளுத்துப் போயிருந்தன. கீழ் உதட்டுப் புண் தான் பெரியது, ஒன்பது மில்லிமீட்டர். மூன்று வாரமாகக் கஞ்சி தவிர எதுவும் குடிக்கவில்லை. அவன் அண்ணன் வாய்ப் புற்றுநோயில் போனவர். அண்ணன் இறந்த அன்று கோயிலில் வைத்துப் புகையிலையை விட்டவன் சூசை, அதற்குப் பிறகு தொட்டதில்லை. ஆனாலும் புஷ்பத்துக்கு மனதில் அதே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவள் எதையும் கேட்காததிலேயே தெரிந்தது.

சங்கு குளிக்கிறவர்களுக்குப் படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான குழாய் இறங்கும். குழாயின் நுனியில் இருக்கும் ரப்பர் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் அடியில் மணிக்கணக்கில் சங்கு தேடவேண்டும். ரப்பர் உரசித்தான் புண்ணா என்று டாக்டர் முதல் நாளே கேட்டார். புது ரப்பர், மெத்தென்று இருக்கும் என்றான். கூடக் குளிக்கிற மற்ற மூன்று பேருக்கும் ஒரு குறையும் இல்லை. கடலுக்குப் போகாதே என்றார் டாக்டர். மிக்கேல் அண்ணாச்சியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன், நின்றால் என் இடத்துக்கு ஆள் வந்துவிடும் என்றான். அதனால் பேஸ்ட் கொடுத்து, வைக்கும் விதம் காட்டி, வெள்ளியும் திங்களும் வந்து காட்டச் சொன்னார். அண்ணன் கதையைக் கேட்டதால் வாரம் இரண்டு தடவை.

திங்கட்கிழமை வந்தான், ஆறு. மருந்து கேட்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். வெள்ளிக்கிழமை ஒன்பது. மறு திங்கள் மறுபடி ஆறு. அடுத்த வெள்ளி பத்து, அதோடு ஓரம் கொஞ்சம் தடித்தும் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் முதலில் சொன்ன ஐந்து பேரும் அறையில் இருந்தது. கடற்கரையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். மிக்கேல் அண்ணாச்சி கூடவே வந்ததற்குக் காரணம் அக்கறை பாதி, கணக்குப் பாதி. திங்கள் முதல் சூசையை நம்பலாமா, வேறு ஆளைப் பார்க்கவேண்டுமா என்று டாக்டர் வாயிலிருந்தே கேட்க வந்தார்.

டாக்டர் விளக்கை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கோபமில்லாமல் அவர் அதைக் கழற்றியதை நான் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டு வாரத்துல ஆறாத புண்ண வச்சுக்கிட்டு நான் பேஸ்ட் தந்துக்கிட்டு இருக்கக் கூடாது சூசை. திருநெல்வேலிக்கு லெட்டர் தாரேன். ஒரு துளி சதை எடுத்துப் பாப்பாங்க. பாத்தாத்தான் தெரியும்."

புஷ்பம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மிக்கேல் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப நான் திங்கக்கிழமைக்கு ஆளு சொல்லிருதேன்" என்றார். சூசை மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

லெட்டரோடு வைக்க, அட்டையில் உள்ள அளவுகளை ஒரு தாளில் எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினேன். சரியா என்று ஒரு தடவை ஒத்துப் பார்த்தேன். தேதிகளை இன்னொரு தடவை பார்த்தேன். திருநெல்வேலியில் பெரிய டாக்டர்கள் படிக்கிற தாளாயிற்றே என்று மூன்றாம் தடவை, எண்ணையும் கிழமையையும் விரல் வைத்து முணுமுணுத்துப் படித்தேன். வெள்ளி ஒன்பது. திங்கள் ஆறு. வெள்ளி ஒன்பது. திங்கள் ஆறு. வெள்ளி பத்து.

முப்பது வருஷத்தில் நோயாளி முன்னால் டாக்டர் பேச்சில் நான் குறுக்கிட்டதில்லை. நான் சொல்வது தப்பாக இருந்து, அதனால் ஒரு வாரம் தள்ளிப்போய், உள்ளே இருப்பது அந்த நோயாகவே இருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். சொல்லாமல் விட்டு, நான் நினைத்தது சரியாக இருந்தால்? இரண்டு பயமும் ஒரே எடையில் நின்றன. கடைசியில் லெட்டர் லெட்டராகவே இருக்கட்டும், சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுவோம் என்று துணிந்தேன்.

"ஐயா, ஒரு நிமிசம்."

"என்ன கனி, நம்பரு தப்பா எழுதிட்டியா?"

"நம்பரு சரிதான் ஐயா. கிழமையப் பாருங்க. திங்கக்கிழமையெல்லாம் புண்ணு சிறுசாயிருக்கு."

டாக்டர் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். மிக்கேல் அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, ஞாயித்துக்கிழம பூச பாத்தா புண்ணு ஆறிருதாக்கும்?"

"பூச பாக்கதுனால இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க யாரும் கடலுக்குப் போவாததுனால."

அண்ணாச்சி கதவோரத்தை விட்டு வந்து தாளை எட்டிப் பார்த்தார். எட்டாம் வகுப்புக்காரி சொன்னதைச் சரிபார்க்க ஒரு முதலாளி கிட்டே வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் சூசையிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வாயில் வைக்காமல், மற்ற நாட்களில் வைப்பது என்ன? சாப்பாடு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். ரப்பர் முனை மட்டும்தான் என்றான். அது எங்கே என்றதும் புஷ்பம் எழுந்து தன் ஒயர் கூடையைத் திறந்தாள். அவளிடம் இரண்டு முனை உண்டாம். ஒன்று அன்று கடலுக்குப் போய் வந்தது. இன்னொன்று மறுநாளைக்கு உள்ளது, பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தாள்.

நான் தான் முடிச்சை அவிழ்த்தேன். பை திறந்ததும் மூக்கில் ஏறியது. துணியில் முடிந்த நீச்சல் குளம். முப்பது வருஷம் கழித்து அதே வாடை. டாக்டரிடம் நீட்டினேன். அவர் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கிருமிக்குப் பயந்தது சரி" என்றார்.

"வாய்க்குப் பயப்படல" என்றேன் நான்.

அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் எங்களைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் புஷ்பத்திடம் மெதுவாகக் கேட்டார், இதை எதில் ஊற வைக்கிறாய் என்று.

"பிளீச்சிங் பவுடருல தான் சார். படகுல நாலு பேரு வாயும் ஒரே ரப்பர மாத்தி மாத்திக் கடிச்சிட்டு இருந்தாக. கொரோனாவுக்குப் பொறவு எனக்கு மனசு கேக்கல. இவுகளுக்குன்னு தனியா ரெண்டு வாங்கி, தெனமும் ஒரு கைப்பிடி போட்டு ராத்திரி பூரா ஊற வச்சிருவேன்."

"காலைல கழுவுவியா?"

"கொடத் தண்ணி காசு குடுத்து வாங்குதோம் சார். கழுவ எதுக்கு? அதான் கடலுக்குள்ள போவுதே. கடல விடவா நான் கழுவிரப்போறேன்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. கடல் தெரிந்தவர்களுக்கு அது நியாயமான பேச்சு. ஆனால் ரப்பர் கடலில் நனைவதற்கு முன்னாலேயே படகில் வைத்து அவன் வாய்க்குள் போய்விடுகிறது. பல்லும் உதடும் அதை இறுக்கி மூடிக்கொள்கின்றன. ரப்பரில் ஊறிய பிளீச்சிங் மருந்து மணிக்கணக்கில் அங்கேயே கசிகிறது. தண்ணீர் சுற்றிலும் இருந்தாலும் அது கழுவப்படாத ஒரே இடம் அவன் வாய்தான். மற்ற மூன்று பேருக்குப் புண் வராததும் அதனால்தான். அவர்களுக்காக இப்படிப் பயப்பட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ரப்பர் ஓய்கிறது, பேஸ்ட் வேலை செய்கிறது. திங்கள் காலை எங்களிடம் காட்டிவிட்டுப் போய் மறுபடியும் கடிக்கிறான். சனிக்கிழமை வரைக்கும் பேஸ்ட் தோற்கிறது. புருஷனைக் காப்பாற்றுகிற இரண்டு மருந்தும் அவன் வாய்க்குள்ளேயே சண்டை போட்டிருக்கின்றன.

புஷ்பத்துக்கு விளங்கியதும், "அப்ப நாந்தானா அக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஆசிரியையின் உதட்டை வேகவைத்த கதையை அவளிடம் சொன்னேன். அதுவரைக்கும் வெளியாள் யாருக்கும் சொன்னதில்லை. சூசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வீங்கிய உதட்டோடு பேசினான்.

"ஏளா, அழாத. கேன்சருன்னு நெனச்சிட்டுக் கெடந்தேன், பிளீச்சிங் பவுடருன்னு சொல்லுதாங்க. பாயாசமில்லா வைக்கணும்?"

"பாயாசம் இப்ப வேண்டாம். நான் இன்னும் நல்ல சேதின்னு சொல்லல" என்றார் டாக்டர். அவர் அப்படித்தான். லெட்டரைக் கிழிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தேதி போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அதற்குள் புண் பாதியாவது ஆகவேண்டும், ஆகாவிட்டால் மறுபேச்சில்லாமல் திருநெல்வேலி. அதுவரைக்கும் ரப்பர் கடிக்கக் கூடாது. அப்புறம் மிக்கேல் அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி சூசை பக்கம் திரும்பினார். "ஏலே சூசை, ஒரு வாரம் மேல நின்னு மிஷினப் பாரு. எடம் எங்கயும் போவாது" என்றார். படிக்கட்டு இறங்கும்போது என்னிடம் திரும்பி, "ஏம்மா, கிழமையெல்லாமா எழுதுவாங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் ட்யூப் தீர்ந்திருந்தது. சூசை கையிலும் காசு இல்லை. கீழே மருந்துக் கடையில் நான் வாங்கி வந்தேன். அவன் விரல்கள் சங்கு பிடித்துக் காய்த்தவை. எவ்வளவு சொல்லியும் தேய்த்துவிடுகிறான் என்பது தெரிந்ததால், அந்த வாரம் தினமும் நான்கு மணிக்கு அவனை வரவைத்து நானே வைத்தேன். கொப்பளிக்கச் சொல்லி, ஒற்றி எடுத்து, உளுந்து அளவு தொட்டு. படுக்கும் முன் புஷ்பம் வைப்பாள். அவளுக்கும் கண்ணாடி முன்னால் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் கை என் கையைவிட மெதுவானது.

சனி, ஒன்பது. திங்கள், ஏழு. அந்தத் திங்கள் காலையில் நான் சாப்பிடாமல் வேலைக்கு வந்திருந்தேன். இனிமேல் திங்களுக்குப் பிறகும் குறைந்தால்தான் நான் சொன்னது சரி. செவ்வாய் ஆறு. புதன் ஐந்து. வியாழன் நான்கு. நான் அளந்ததை நானே நம்பாமல் டாக்டரை அளக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவரே கம்பியை வைத்தார். மூன்று மில்லிமீட்டர். ஓரத்தில் இருந்த தடிப்பு இல்லை. மேல் உதடு, ஈறு எல்லாம் இளஞ்சிவப்பு.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து லெட்டரை எடுத்து, நாலாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போடாமல் என் கையில் தந்தார். "நீ போடு" என்றார். பெரிய பாராட்டெல்லாம் அவர் வாயில் வராது. எனக்கு அது போதும். இன்றைக்கும் போதும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அட்டையில் பூஜ்யம் எழுதினேன். அன்று சாயங்காலம் சூசையும் புஷ்பமும் பஜாரில் பொரித்த பரோட்டா சாப்பிட்டார்கள். ஏழு வாரம் கஞ்சி குடித்த வாய், சால்னாவை ஊற்றி ஊற்றித் தின்றதாம், உறைப்பில் கண்ணீர் வழிய. எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. திங்கட்கிழமை கடலில் இறங்கினான். புஷ்பம் இப்போதும் ரப்பரை ஊற வைக்கிறாள், சோப்புத் தண்ணீரில். பிறகு காசு கொடுத்து வாங்கிய குடத் தண்ணீரில் மூன்று தடவை அலசுகிறாள். மிக்கேல் அண்ணாச்சி மற்ற மூன்று பேருக்கும் தனித்தனி முனை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இனி ஒரு விஷயம்தான். டாக்டருக்குத் தீராத மனக்குறை ஒன்று இருந்தது. புண் ஆறியவர்கள் திரும்ப வந்து வாயைக் காட்டமாட்டார்கள். மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார், யாரும் வரமாட்டார்கள். சூசையின் அண்ணன் கதை எனக்கு மறக்கவில்லை. அதனால் அவன் ட்யூப் காசைக் கொண்டுவந்தபோது, சில்லறை இல்லை, அடுத்த தடவை தா என்றேன். மூன்று மாதத்தில் வந்தான். உட்கார வைத்து வாயைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் சில்லறை இல்லை என்றேன். சரியான சில்லறையோடு வந்தபோது, கணக்கு நோட்டு வீட்டில் இருக்கிறது என்றேன். கடன் வைத்துப் பழக்கமில்லாத ஆள் அவன். ஒரு தடவையும் தப்பாமல் வருகிறான். ஒவ்வொரு தடவையும் அட்டையில் பூஜ்யம். டாக்டருக்கு இது தெரிந்த அன்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார்.

ஓய்வு பெற்ற நாளில் சாவியையும் அளவுக் கம்பியையும் ரப்பர் ஸ்டாம்பையும் ஜெனிபரிடம் எண்ணிக் கொடுத்தேன். கூடவே கணக்கு நோட்டையும் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு பாக்கியை எந்தக் காரணம் கொண்டும் வசூல் செய்துவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். வீட்டுக்கு வந்து போன் பண்ணி நான்காம் தடவையும் சொன்னேன். போன மாதம் வந்தபோது ஜெனிபரே சொன்னது, சூசை வந்தானாம், வாய் சுத்தமாம், பாக்கி அப்படியே இருக்கிறதாம்.

சூசை, பேஸ்ட் ட்யூப் ஒன்று, எழுபத்திரண்டு ரூபாய்.